பழைய லெப்டொப்பில் ஒரு வெப் சேர்வர்

நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடக் குறிப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் போனில் காட்ட இன்டர்நெட் தேவையில்லை. ஒரு ரவுட்டரும் மூலையில் கிடக்கும் 32-பிட் லெப்டொப்பும் போதும். அந்த லெப்டொப்பைத்தான் லினக்ஸும் கைவிடத் தொடங்கிவிட்டது: 2025இல் வந்த டெபியன் 13இல் 32-பிட் இன்டெல் கணினிக்கு இன்ஸ்டோலர் கிடையாது. 2024இல் வந்த நெட்பிஎஸ்டி 10 இயங்குதளம் அதை இன்னும் ஏற்கிறது.

அதை நிறுவும்போது எந்தெந்தத் தொகுதிகள் வேண்டும் என்று கேட்கும். கொம்பைலர் தொகுதியை விட்டுவிடாதீர்கள். நெட்பிஎஸ்டியோடு கூடவே போசோஹெச்டிடிபிடி என்ற குட்டி சேர்வரும் வந்துவிடும். நாலைந்து பக்கங்களுக்கு அதுவே தாராளம். ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் தட்டும் என்றால் என்ஜின்எக்ஸைக் கட்டுங்கள். அப்பாச்சிக்கு ஏபிஆர், ஏபிஆர்-யூட்டில் என்று துணைகள் கூடும்.

பதுளைக்குப் போகிற நாளில் என்ஜின்எக்ஸ், அதற்குத் தேவைப்படும் பிசிஆர்இ2 நூலகம் இரண்டின் மூலநிரலையும் பென்ட்ரைவில் இறக்குங்கள்; மொத்தமே சில எம்பிதான். கிட்ஹப் தானாகச் சுருட்டித் தரும் 'சோர்ஸ் கோட்' பொதியில் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் இருக்காது. பதிப்பு எண்ணோடு தனியாக இருக்கும் டார் கோப்புதான் வேண்டும். மாற்றி எடுத்துவந்தால் மறுபடி பதுளை பஸ்தான்.

அடுத்து, பலர் தாண்டிவிடுகிற வேலை: திகதியைப் பாருங்கள். பழைய லெப்டொப்பின் உள் பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கும். இப்போது உருவான கோப்பு பொதியில் வந்ததைவிடப் பழையதாகத் தெரியும். உடனே பிசிஆர்இ2 கட்ட மறுத்து, கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லும். ரூட்டாக நுழைந்து, டேட் கட்டளைக்குப் பின் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடத்தை ஒட்டி அடியுங்கள், 202603141030 என்பதுபோல. அதற்குப் பிறகு பொதிகளை விரியுங்கள்.

என்ஜின்எக்ஸ் கோப்புறைக்குள் கன்ஃபிகரை ஓட்டும்போது, 'வித்-பிசிஆர்இ' தெரிவுக்கு பிசிஆர்இ2 கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுங்கள். அடுத்து வரும் மேக் இரண்டையும் சேர்த்தே கட்டிவிடும். பிறகு மேக். நெட்பிஎஸ்டியின் சொந்த மேக்கே போதும், குனு மேக்கைத் தேடி அலைய வேண்டாம். பாதியில் நின்றால் கடைசி வரியைப் படியுங்கள். என்ஜின்எக்ஸ் கொம்பைலரின் எச்சரிக்கையையும் பிழையாகவே எண்ணும். அப்படி நின்றிருந்தால் 'வித்-சிசி-ஆப்ட்' தெரிவில் 'டபிள்யூ-நோ-எரர்' கொடியைச் சேர்த்து, கன்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். லெப்டொப் சூடாகும்; மடியில் வைத்துக்கொண்டு கட்டாதீர்கள்.

முடிந்ததும் ரூட்டாக மேக் இன்ஸ்டோல். அமைப்புக் கோப்பில் எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்குங்கள், இல்லாவிட்டால் சில போன்களில் தமிழ் சிதறும். பல பதிப்புகளில் அந்த இடத்தில் ரஷ்யரின் கோய்8-ஆர் குறியாக்கம் குறிப்பு வரியாகக் கிடக்கும். 2004இல் என்ஜின்எக்ஸை வெளியிட்ட இகோர் சிசோயெவ் ரஷ்யர். ஓட்டுவதற்கு முன் என்ஜின்எக்ஸை 'டி' கொடியோடு அழைத்தால் அமைப்புக் கோப்பின் பிழைகளைச் சொல்லிவிடும்.

மழைக் காலத்தில் கரண்ட் போய் வரும். ஆர்சி-லோக்கல் கோப்பில் என்ஜின்எக்ஸின் முழுப் பாதையை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், லெப்டொப் மறுபடி எழும்போது சேர்வரும் எழும்.