அணுவுக்குள் யார் பலமாக இழுப்பது?

நம்பிக்கை: அணுக்கரு கனமானது, ஆகவே அது எலக்ட்ரானைப் பலமாக இழுக்கிறது; பதிலுக்கு எலக்ட்ரான் இழுப்பது சொற்பம்.

உண்மை: இரண்டு இழுப்பும் சமம். ஆனால் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களிடமும் அந்த நம்பிக்கை அழியாமல் இருக்கிறது. ஹீலியம் என்றால் அதற்குத் துணையாக ஒரு கணக்கும் வந்துவிடும்: கருவின் மின்னூட்டம் இரண்டு, எலக்ட்ரானுடையது ஒன்று, எனவே கருவின் இழுப்பு இரு மடங்கு என்று. பாடப்புத்தகப் படத்துக்கும் இதில் பங்குண்டு. அதில் கரு நடுவில் அடித்த முளையாக நிற்கும். எலக்ட்ரான் அதில் கட்டிய கன்றுக்குட்டியாகச் சுற்றிவரும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 1785-இல் முறுக்குத் தராசை வைத்து கூலூம் நிறுவிய விதி எளிமையானது: இரு மின்னூட்டங்களையும் பெருக்கி, இடையிலுள்ள தொலைவின் வர்க்கத்தால் வகுத்து, 9 × 10⁹ என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். ஹைட்ரஜனில் கருவான புரோட்டான், எலக்ட்ரான் இரண்டின் மின்னூட்ட அளவும் 1.6 × 10⁻¹⁹ கூலூம், தொலைவு 5.3 × 10⁻¹¹ மீட்டர். விடை 8.2 × 10⁻⁸ நியூட்டன். இது புரோட்டான் எலக்ட்ரானை இழுக்கும் விசையா, எலக்ட்ரான் புரோட்டானை இழுக்கும் விசையா? சூத்திரத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பெருக்கலில் எதை முதலில் எழுதினாலும் விடை ஒன்றுதான். நிறை அதில் எங்குமே வருவதில்லை. ஹீலியத்திலும் இரண்டை ஒன்றால் பெருக்குவதும் ஒன்றை இரண்டால் பெருக்குவதும் ஒன்றே. அதே தொலைவில் விசை இரட்டிப்பாகும், ஆனால் இரு பக்கமும் இரட்டிப்பாகும்.

இழுப்பு சமமென்றால் எலக்ட்ரான் மட்டும் ஏன் சுற்றுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிறை வேலை காட்டுவது இங்கே. புரோட்டான் எலக்ட்ரானைப்போல் 1836 மடங்கு கனம். அதே விசை எலக்ட்ரானுக்கு விநாடி வர்க்கத்துக்கு 9 × 10²² மீட்டர் முடுக்கம் தருகிறது. புரோட்டானுக்குத் தருவது 4.9 × 10¹⁹ மட்டுமே. அதுவும் பூஜ்ஜியம் அல்ல. பழைய போர் (Bohr) அணு மாதிரிப்படி பார்த்தால், புரோட்டான் பொது நிறை மையத்தைச் சுற்றி 2.9 × 10⁻¹⁴ மீட்டர் ஆரத்தில் சுழல வேண்டும். அது அதன் சொந்த ஆரத்தைப்போல் முப்பது மடங்குக்கும் மேல்.

குவாண்டம் இயற்பியலில் எலக்ட்ரானுக்குப் பாதையே கிடையாதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். பாதை இல்லை என்பது சரி. 5.3 × 10⁻¹¹ மீட்டர் என்பது எலக்ட்ரான் அதிகம் காணப்படக்கூடிய தொலைவு, அவ்வளவுதான். ஆனால் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குள் உட்கார்ந்திருப்பதும் இதே கூலூம் விதிதான். கருவின் அசைவையும் கணக்கில் சேர்த்தால்தான் அங்கேயும் விடை துல்லியமாக வருகிறது.

அந்த அசைவுக்கு 1931-இல் நேரடிச் சாட்சி கிடைத்தது. ஹைட்ரஜன் நிறமாலையின் சிவப்புக் கோடு 656.28 நானோமீட்டரில் விழுகிறது. இரு மடங்கு கனமான கரு இருந்தால் அது பாதியளவே அசையும். கோடு சுமார் 0.18 நானோமீட்டர் தள்ளி விழ வேண்டும். எலக்ட்ரானால் கருவை இழுக்க முடியாது என்றால் இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்திருக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரியும் சகாக்களும், மெல்ல ஆவியாக்கப்பட்ட திரவ ஹைட்ரஜனில் மிஞ்சியதைப் பரிசோதித்தபோது, கணக்கு சொன்ன இடத்திலேயே மங்கலாக இருந்த துணைக்கோடுகள் வலுவாகத் தெரிந்தன. ஹைட்ரஜனில் ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒன்றாக இருக்கும் இந்தக் கனமான ஹைட்ரஜன், அதாவது டியூட்டிரியம், அப்படித்தான் அகப்பட்டது. 1934-இல் யூரிக்கு வேதியியல் நோபல் பரிசும் வந்தது.

இன்னும் சந்தேகமிருந்தால் புரோட்டானையே எடுத்துவிட்டு, எலக்ட்ரானுக்குச் சமமான நிறையுள்ள பாசிட்ரானை அந்த இடத்தில் வைக்கலாம். 1951-இல் மார்ட்டின் டாய்ச் கண்டறிந்த பாசிட்ரோனியம் அத்தகைய ஜோடிதான். கனத்தால்தான் இழுப்பு என்றால், 1836 மடங்கு இலேசான பாசிட்ரானிடம் எலக்ட்ரான் ஒட்டவே கூடாது. ஆனால் அந்த ஜோடியைப் பிரிக்க 6.8 எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுகிறது. ஹைட்ரஜனுக்கு 13.6. இந்தப் பாதி, விசையின் விதி மாறியதால் வந்ததல்ல. இருவரும் சம நிறையுடன் சமமாக அசைவதால் வந்தது.