கண்டதும் கேட்டதும்

நுழையும்முன்

கதை கேட்டு வளர்வது குழந்தையின் உரிமை. கதையல்லாத எழுத்தைப் படிக்கவும் எழுதவும் பழகுவது அதற்கு இணையான உரிமை. அச்சில் உள்ளது உண்மைதானா என்று கேட்கும் துணிவும், தான் அறிந்ததைப் பிறர் ஐயமின்றி உணருமாறு எழுதும் திறனும் அப்பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன. வீட்டில் தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லித்தருவோர் இவ்வகுப்பிலும் இருப்பீர்கள். அப்பணியை எண்ணியே இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் 'பசு' என்னும் தலைப்பில் எழுதச் சொன்னால், எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒரே கட்டுரை கிடைக்கும். பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தரும். எழுத்தில் பிழையில்லை, செய்தியிலும் தவறில்லை. ஆனால், அதை எழுதிய சிறுமியின் வீட்டுத் தொழுவத்திலேயே ஒரு பசு நிற்கிறது. கன்றை ஊட்டவிட்ட பின்னரே அது பால் சுரக்கும் என்பதும், புதியவர் கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும் என்பதும், வைக்கோலைவிடப் பச்சைச் சோளத்தட்டையை விரும்பும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவற்றுள் ஒன்றுகூடக் கட்டுரையில் இடம்பெறவில்லை. கட்டுரை என்பது வேறு எவரோ எழுதி வைத்திருப்பது, அதை நினைவில் வைத்து ஒப்புவிப்பதே தன் வேலை என்று அவள் எட்டு வயதுக்குள் முடிவு செய்துவிட்டாள். பின்னாளில் ஒரு விண்ணப்பத்தையோ ஆய்வக அறிக்கையையோ எழுத நேரும்போதும் அவள் தேடுவது மாதிரித்தாளைத்தான்.

2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் குழந்தைகள் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது. பொருளுணர்தல் என்பதைக் கதைப்பாடலோடு நிறுத்திக்கொண்டால் அவ்விலக்கு பாதியே நிறைவேறும். பேருந்தின் பெயர்ப்பலகை, நியாயவிலைக் கடையின் விலைப்பட்டியல், மருந்து அட்டையில் உள்ள காலாவதி நாள் ஆகியவையும் படிக்க வேண்டியவையே. வீட்டில் எழுத்தறிந்த ஒரே ஆள் அக்குழந்தையாக இருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

வினைமுற்று காட்டும் வேறுபாடு

கதை, ஒருமுறை நிகழ்ந்ததைச் சொல்கிறது: நரி வந்தது, காகத்தைப் பார்த்தது, பாடச் சொன்னது. செய்தி நூலோ எப்போதும் நிகழ்வதைச் சொல்கிறது: காகம் கூடு கட்டும், குயில் அக்கூட்டில் முட்டையிடும். மூன்று காலத்துக்கும் பொதுவான இயல்பைச் 'செய்யும்' என்னும் முற்றால் கூறுவது தமிழ் மரபு. தொல்காப்பிய வினையியல் இதனை விதியாகவே வகுத்துள்ளது. மலை நிற்கும், தீச்சுடும் என உரையாசிரியர்கள் சான்று காட்டுவர். சிறு குழந்தைக்கு இவ்விலக்கணத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. இருவகைத் தொடர்களையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டி, "இவற்றுள் எது என்றோ ஒருநாள் நடந்தது? எது இன்றும் நடக்கிறது?" என்று கேட்டால் போதும்.

தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு கருவியும் தாய்மொழியிலேயே கிடைத்திருக்கிறது. 'மழை பெய்தது' என்பதற்கும் 'மழை பெய்ததாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தையும் உணரும். முன்னது கண்டது, பின்னது கேட்டது. ஈற்றில் நிற்கும் 'ஆம்' என்னும் ஒரு சொல், செய்திக்குத் தான் பொறுப்பில்லை என்பதைத் தெரிவித்துவிடுகிறது. ஆய்வாளர்கள் பக்கந்தோறும் சான்று காட்டுவதன் விதை இந்த 'ஆம்' என்பதில் இருக்கிறது. பேச்சில் இதனைப் பிழையின்றி ஆளும் குழந்தை, எழுத்துக்கு வந்தவுடன் அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு எழுதத் தொடங்கிவிடுகிறது. பள்ளி கற்றுத்தந்த பழக்கம்தான் அது என்று சொல்லத் தோன்றுகிறது.

கொம்பேறிமூக்கன் என்னும் பாம்பை எடுத்துக்கொள்வோம். அது மனிதரைக் கடித்துவிட்டு, கடிபட்டவரின் உடல் எரிவதைக் காண மரத்தில் ஏறிக் காத்திருக்கும் என்று ஊர்களில் சொல்வர். உண்மையில் அது நஞ்சற்ற பாம்பு. பல்லி, தவளை போன்றவற்றைத் தின்று மரக்கிளைகளில் வாழ்வது. ஆசிரியர் இக்கதையைக் கேலி செய்து ஒதுக்க வேண்டியதில்லை. அது சுவையான கதை. சொன்ன பாட்டியும் பொய்யர் அல்லர். குழந்தைகள் தம் ஏட்டில் இரு பத்திகள் எழுதட்டும். முதற்பத்தியின் வினைகள் எல்லாம் 'ஆம்' என்று முடியட்டும்: கடிக்குமாம், ஏறுமாம், பார்க்குமாம். இரண்டாம் பத்தியில் நூலில் படித்து உறுதிசெய்தவை மட்டும் இடம்பெறட்டும். இப்பயிற்சி தமிழாசிரியருக்கும் அறிவியலாசிரியருக்கும் பொதுவானது. வீணே அடிபட்டுச் சாகும் பாம்புகளுக்கும் இதனால் நன்மை உண்டு.

நூலைப் பயன்படுத்துதல்

கதையை முதலிலிருந்து இறுதிவரை படிக்க வேண்டும். செய்தி நூலுக்கு அக்கட்டாயம் இல்லை. ஒரு வினாவோடு நூலைத் திறந்து, பொருளடக்கத்தில் தேடி, உரிய பக்கத்தைப் படித்து, விடை கிடைத்ததும் மூடிவிடலாம். இதைக் குழந்தைக்குச் செய்து காட்ட வேண்டும்; சொன்னால் மட்டும் விளங்காது. தலைப்பு, படத்தின் கீழுள்ள குறிப்பு, அட்டவணை ஆகியவற்றை அழகுக்காக அச்சிட்டவை என்றே பல குழந்தைகள் எண்ணுகின்றனர்.

தமிழில் இதற்கு நூல்கள் இல்லாமலில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பெரியோர்க்கான கலைக்களஞ்சியத்தை உருவாக்கியது. அதனையடுத்து, 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் 10 தொகுதிகளாக வெளியிட்டது. தூரன் கவிஞர், இசைப்பாடல்கள் பல இயற்றியவர். அணிநடை கைவந்த ஒருவர், சிறுவர்க்காக எளிய செய்தித் தொடர்களை ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டுக் கொண்டிருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வழக்கறிஞராக இருந்து அறிவியல் எழுத்தாளரான பெ. நா. அப்புஸ்வாமியும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழும் அதே வழியில் உழைத்தவர்கள். இவற்றைப் பூட்டிய அலமாரியின் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்த மாணவர்கள் உண்டு. நூல் கிழியுமே என்று அஞ்சுவோர், படிக்கப்படாத நூல் செல்லரிக்கும் என்பதையும் கருத வேண்டும்.

எழுதிப் பார்த்தல்

எழுதத் தொடங்கும் குழந்தைக்கு முதல் தாள், படமாகவே இருக்கலாம். எறும்பை வரையச் சொன்னால் நான்கு கால்கள் போடும் குழந்தைகள் பலர். "போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பினால் ஆறு கால்களோடு திரும்புவர். அவ்வாறும் உடலின் நடுப்பகுதியிலிருந்தே புறப்படுகின்றன என்பதைக் காண மேலும் ஒருமுறை போக வேண்டியிருக்கும். பின்னர் உறுப்புகளின் பெயர்களைக் கோடிட்டுக் குறிக்கட்டும். அதுவும் கட்டுரைதான்.

அடுத்த படி, செய்முறை எழுதுதல். பல்லாங்குழி ஆடும் முறையை, அதை ஆடியறியாத தோழிக்கு ஒரு சிறுமி எழுதுவதாகக் கொள்வோம். பலகையில் 14 குழிகள் உண்டு, ஒவ்வொருவர் பக்கமும் ஏழு என்று அவள் சரியாகவே தொடங்குவாள். குழிக்கு எத்தனை காய் என்பதை விட்டுவிடுவாள். கையிலுள்ள காய்கள் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று எழுதுவாள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்பதை எழுதமாட்டாள். நான்கு காய்கள் சேர்ந்தால் அது 'பசு' என்பாள்; அந்தப் பசு யாருக்கு உரியது என்று சொல்லமாட்டாள். (கட்டுரைப் பசுவைவிட இந்தப் பசுவை நம் குழந்தைகள் நன்கறிவர்.) இப்போது தோழி அத்தாளைப் படித்தபடியே ஆடத் தொடங்குகிறாள். மூன்றாம் ஆட்டத்திலேயே கை நின்றுவிடுகிறது. "இதற்கப்புறம்?" என்று கேட்கிறாள். எழுதியவள் வாயால் சொல்ல முனையும்போது ஆசிரியர் தடுத்து, "தாளில் எழுது" என்கிறார்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் முதலில் வைத்து எண்ணுகிறது நன்னூல். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பலருக்கு விளங்காத முதற்குற்றம், ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பலகையின் முன் விளங்கிவிடுகிறது. அவள் குறையைச் சுட்டியது சிவப்பு மையன்று. ஆட முடியாமல் நின்ற ஒரு கை.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை ஆகியவற்றைத் திருத்த வேண்டாம் என்பது இதன் பொருளன்று. எதை முன்னர்க் கேட்பது என்பதே வினா. "உனக்கு இது எப்படித் தெரியும்?" என்று முதலில் கேட்கும் ஆசிரியருக்குக் குழந்தை விடை சொல்லும். பிழைகளைச் சுழித்துத் தாளைத் திருப்பித் தந்தால், அடுத்த முறை பிழை வாராத தொடர்களை மட்டும் தேடி எழுதும். அவ்வாறு தேடிக் கிடைப்பவை, பெரும்பாலும் பிறருடைய தொடர்களே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் ஓர் உயிரினத்தைப் பற்றி வழங்கும் செய்திகளைத் திரட்டுக. நீங்கள் கண்டவற்றை ஒரு பத்தியாகவும், கேட்டவற்றை 'ஆம்' ஈற்று வினைகளால் மற்றொரு பத்தியாகவும் எழுதுக.

2. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு விளையாட்டின் விதிமுறைகளை எழுதி, அதனை அறியாத ஒருவரிடம் கொடுத்து ஆடச் செய்க. அவர் எங்கெல்லாம் நின்றார் என்பதைக் குறித்து, அவ்விடங்களைத் திருத்தி எழுதுக.

3. தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருடன் அமர்ந்து, அவர் விரும்பிக் கேட்கும் ஒரு வினாவுக்கு நூலகத்தில் விடை தேடுக.