முதலில் ஒரு கேமை முடியுங்கள்

கேம் கம்பெனி இன்டர்வியூவில் மதிப்பெண் பட்டியலைவிட அதிக நேரம் பேசப்படுவது நீங்கள் செய்து முடித்த கேமைப் பற்றித்தான். திருப்பூணித்துறையில் இருந்தபடி கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பத்து கேம்களைத் தொடங்காதீர்கள், ஒன்றை முடியுங்கள். மெனு, ஒலி, தோற்றால் மறுபடி தொடங்கும் வசதி எல்லாம் அதில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கும் கேம் போதும்.

‘வெண்பா’ என்ற கேமைப் பாருங்கள். 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி அவிப்பதுதான் முதல் சவால். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று அதை வெளியிட்டது. ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம். 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. ‘வெண்பா’வுக்கு முன்பே அந்தக் குழு ‘பேலன்ஸ்லாட்’ என்ற சின்ன கேமைச் செய்து வெளியிட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கேம் செய்ய எந்த எஞ்சின், யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா என்று மாதக்கணக்கில் வாதாடுவது வீண். மொபைல் கேம் வேலைகளில் யூனிட்டியும் சி ஷார்ப்பும் அதிகம் கேட்கப்படும். அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ் வேண்டும். கோடோ முழுக்க இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். எதில் தொடங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட். எதிரிகளின் நகர்வு, மோதல் கணக்கு, படம் வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதிதாக ஆப்ஜெக்ட் உருவாக்கி அழித்துக்கொண்டே இருந்தால், மெமரியைத் துப்புரவாக்கும் வேலை குறுக்கே புகுந்து கேம் திக்கித் திக்கி ஓடும். இருபது தோட்டாக்களை முன்கூட்டியே உருவாக்கி, அவற்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓட்டி, நேரம் எங்கே போகிறது என்று புரொஃபைலரில் பாருங்கள். இன்டர்வியூவில் இதைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் கம்பெனி தேடுகிறது. கணிதத்திலிருந்தும் தப்ப முடியாது. எதிரியின் பார்வைக்கு முன்னால் நிற்கிறீர்களா, பின்னாலா என்பதை ஒரு டாட் புராடக்ட் சொல்லிவிடும். வெக்டாரைப் பரீட்சைக்காக மட்டும் படித்தவர்கள் திரும்ப எடுத்துப் படியுங்கள்.

திருப்பூணித்துறைக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆர்.எல்.வி. இசை, நுண்கலைக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஓவியம், சிற்பம், இசை படிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். புரோகிராமர் தானே படமும் வரைந்து பாட்டும் போட முயல்வதில்தான் மாணவர்களின் கேம்கள் பாதியில் நிற்கின்றன. அங்கே போய்க் கேளுங்கள். ஊரில் ஓணத்தையொட்டி நடக்கும் அத்தச்சமய ஊர்வலத்தின் நெரிசலில் செண்டைக் குழுவை வழிநடத்திப் போகும் ஒரு கேமை, அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த ஓவியர் வரைந்தால் எவ்வளவு உயிரோடு இருக்கும்! கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்யவும், ‘கிட்’ (Git) மென்பொருளில் கோப்புகள் மோதாமல் பார்த்துக்கொள்ளவும் அப்போதே பழகிவிடும். 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் குழுவாகக் கலந்துகொள்வதும் நல்ல பயிற்சி.

வேலைக்குப் பெரும்பாலும் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். பெங்களூருவில் ராக்ஸ்டார், புனேயில் யூபிசாஃப்ட், ஹைதராபாத்தில் இ.ஏ. இருக்கின்றன. சேரும் முன் கம்பெனி எதில் பணம் ஈட்டுகிறது என்று பாருங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடை செய்தது, அந்தப் பிரிவில் பலர் வேலை இழந்தார்கள். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளும் பாதுகாப்பு அல்ல. மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. அதனால் பட்டப்படிப்பையும் அல்காரிதத்தையும் கைவிடாதீர்கள். கேம் துறை சுருங்கும் காலத்தில் உங்களைக் காப்பாற்றுவது அவைதான்.

கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க 25 டாலர், ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். மாணவருக்கு இரண்டும் இப்போது தேவையில்லை. அடுத்த செமஸ்டர் விடுமுறைக்குள் கேமை முடித்து இட்ச் (itch.io) தளத்தில் ஏற்றி, அந்த இணைப்பை உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரியில் போடுங்கள். அங்கே ஏற்றக் கட்டணம் கிடையாது.