ஓட்டமும் பாட்டும்

திருப்பெரும்புதூரினின்று ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் நோக்கிச் செல்லும் சாலையில், கீழ்வானம் வெளுக்குமுன்னே ஓடிப் பழகுவோரை யாம் கண்டதுண்டு. அவருட் பலர் செவிகளிற் சிறு கருவி செருகிப் பாட்டுக் கேட்டவாறே ஓடுகின்றனர். அப்பாட்டு அவர்தம் கால்களுக்கு யாது செய்கின்றது, செவிகளுக்கு யாது செய்கின்றது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

உழைப்பும் பாட்டும் கூடி வாழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. உலக்கை ஓச்சிய மகளிர் பாடிய வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் இன்றும் காணலாம். மின்பொறி வருமுன் ஏற்றம் இறைத்தோர் பாட்டினாலேயே இறைத்த சால்களை எண்ணினர். ஏற்றப்பாட்டின் அடுத்த அடியைக் கேட்கும்பொருட்டுக் கம்பர் மறுநாள்வரை காத்திருந்தார் என்னும் கதையை அறியாதார் யார்? தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் 20 என வகுத்தார். அவற்றுள் முடுகு வண்ணம் என்பது அடியின் எல்லையையும் கடந்து விரைந்தோடும் ஓசையாம். ஓடுவோர் வேண்டுவதும் அம்முடுகே அன்றோ?

தாளம் சீராக ஒலிப்பின் காலடி தானே அதனோடு இசையும். நிமிடத்திற்கு 160 அடி வைப்போன் 80 தாள அடியுடைய பாட்டைக் கொள்ளினும், ஒரு தாளத்திற்கு இரண்டடியாக ஓட்டம் பொருந்தும். எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-ஆம் ஆண்டில் உள்ளரங்க 2000 மீட்டர் ஓட்டத்தில், ‘ஸ்காட்மேன்’ என்னும் பாட்டு அரங்கில் முழங்க, உலக அருஞ்செயல் நிகழ்த்தினார். மிதமாக ஓடுங்கால் இசை களைப்புணர்ச்சியைக் குறைக்கும் என இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்துக் கரஜார்கிஸ் முதலானோர் ஆய்ந்து காட்டியுள்ளனர். மூச்சுமுட்டும் விரைவிலோ, நெஞ்சும் தசையும் இடும் கூக்குரல் பாட்டை அமுக்கிவிடுகின்றது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஏற்றக்காரன் பாட்டு அவன் மூச்சிற் பிறந்தது. மூச்சுத் தளரின் பாட்டும் தளரும். அவன் செவியோ திறந்தே கிடந்தது. 1979-இல் சோனி நிறுவனத்தார் வாக்மனை விற்கத் தொடங்கியது முதலாகப் பரவிய செவிப்பாட்டோ, ஓடுவோன் மூச்சை உசாவுவதில்லை, புறவொலியையும் மறைக்கின்றது.

இதனை ஒரகடத்திற் சிறப்பாக எண்ணுதல் வேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் கார்களை ஆக்கத் தொடங்கின. பிறவும் தொடர்ந்தன. இன்று கார்களைச் சுமக்கும் நீள்வண்டிகளும், கன்டெய்னர் லாரிகளும், ஷிப்டு மாறும் வேளையில் தொழிலாளர் பேருந்துகளும் இச்சாலையை நிறைக்கின்றன. நீள்வண்டி திரும்புங்கால் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தை விட்டு உட்புறம் ஒதுங்கி வரும். ஓரத்தில் ஓடுவோன் அதனை முன்னர் அறிவது செவியாலேயே. முதுகிற்குக் கண் ஏது? பந்தயக் களத்தில் இசைக்கருவியை உலகத் தடகள விதிகள் விலக்குகின்றன. வாகனமே இல்லாத களத்திற்கு அவ்விதி! சாலைக்கோ அத்தகைய தடை யாதுமில்லை.

ஆதலின் இருசெவியும் அடைத்து இச்சாலையில் ஓடுதல் தகாது என்பதே எம் துணிபு. பாட்டின்றி ஓட மாட்டாதார் விளையாட்டுத் திடலை நாடுக. செவித்துளையை மூடாது கன்னத்தெலும்பின் வழியே ஒலி செலுத்தும் கருவிகளும் இக்காலத்துக் கிடைக்கின்றன. அவை ஒருவாறு உதவும். சாலையிலேயே ஓடவேண்டுவோர் வலப்புற ஓரமாக, வரும் வண்டிகளை எதிர்நோக்கி ஓடுவாராக. அப்பொழுதும் செவி வேண்டும். பிழைத்திசையில் பின்னே வரும் மோட்டார் சைக்கிள்கள் எவ்விதிக்கும் அடங்குவன அல்லவே.