பாட்டைத் தேடி வயலுக்கு

நாட்டுப்புற இசை ஆய்வுக்கு வரும் மாணவர்கள் முதலில் என்னிடம் கேட்பது, எந்த ரெக்கார்டர் வாங்கலாம் என்பதைத்தான். நல்ல கருவி வேண்டும்தான். ஆனால் காவிரி டெல்டாவில் பாட்டுச் சேகரிக்க அதைவிட முக்கியம், மேட்டூரில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள், எந்த ஊரில் குறுவை, எங்கே சம்பா நடவு என்று தெரிந்து வைத்திருப்பது.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து நடவுப் பாட்டைத் தொடங்கினார். இரண்டு அடியோடு நின்றுவிட்டது. "கையில நாத்து இல்லாம எப்படி தம்பி வரும்?" என்று எழுந்து, நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்குப் போய்விட்டார். நாற்று முடியை அவிழ்த்து, குனிந்து நட ஆரம்பித்ததும் குரல் தானாக எழும்பியது. நாற்றைச் சேற்றில் ஊன்றும்போது மெட்டில் அழுத்தம். அடுத்ததை விரலால் பிரிக்கும்போது இழுவை. வரிசையில் நின்ற பெண்கள் வாங்கிப் பாடினார்கள். ஆகவே கையையும் சேர்த்து வீடியோ எடுங்கள். உங்களால் வேலை தடைபட்டால் அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். நடவு இயந்திரம் இறங்கிய வயல்களில் இந்த வரிசையே இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஒப்பாரி விஷயம் வேறு. வீட்டுக்குள் பாடச் சொல்லிக் கேட்கவே கூடாது. பல பெண்கள் அதை அமங்கலமாக நினைப்பார்கள். களத்து மேட்டிலோ ஆற்றங்கரையிலோ அவர்களாக மனம் வைத்தால் பாடட்டும். இறந்தவரைப் பற்றிய வீட்டு விவரங்கள் அதில் வரும். குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958-இல் கி.வா. ஜகந்நாதனைக் கொண்டு பதிப்பித்த 'மலையருவி' போன்ற நாட்டுப்பாடல் தொகுப்புகளை அவசியம் படியுங்கள். சுரக் குறிப்பும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கேட்ட மெட்டை ஒரு ராகத்துக்குள் திணிக்காதீர்கள்.

பல நாட்டு இசையை ஒப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1936-இல் துருக்கிக்குப் போய், அங்கே கேட்ட மெட்டுகளில் பழைய ஹங்கேரிய மெட்டுகளின் சாயலை அடையாளம் கண்டார். 1906 முதலே ஃபோனோகிராஃபோடு தன் நாட்டுக் கிராமங்களில் அலைந்த காது அது. நீங்கள் முதலில் ஒரே பெண் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அந்த ஒப்பீட்டை வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஊர், தேதி, எந்தப் போகம், யார் பாடுகிறார் என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன், பாடியவர் வீட்டுப் போனில் ஒரு பிரதி ஏற்றிக் கொடுங்கள்.