உருக்கிய பிளாஸ்டிக்கும் ஓடிவிடும் வெப்பமும்

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மணிக்கட்டில் கட்டுடன் என்னைக் காண வந்தான். விரால் பிடிப்பதற்கான மென்மையான செயற்கைப் புழுக்களைத் தானே வார்க்க முயன்றிருக்கிறான். கிழிந்துபோன பழைய புழுக்களைப் பால் தகரத்தில் இட்டு, விறகடுப்பில் உருக்கியிருக்கிறான். கை வெந்ததைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா, அடுப்பில் இருக்கும்வரை எண்ணெய்போல் ஓடுகிறது. அச்சில் பாதி நிரம்புவதற்குள் இறுகிவிடுகிறதே, ஏன்?" என்றே கேட்டான். நல்ல வினா. அன்று அவனுக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் இதனைப் படித்தல் வேண்டும். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. சிறுவர்கள் தள்ளி நின்று பார்க்கவேண்டிய வேலை.

முதலில் அப்பொருள் யாதென அறிவோம். பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கின் நுண்ணிய துகள்களை, அதனை இளக்கும் எண்ணெய் போன்ற நீர்மத்தில் கலந்தால் பால்போன்ற குழம்பு கிடைக்கிறது. சூடேற்றும்போது அது முதலில் கெட்டிப்பட்டுக் களியாகிறது. மேலும் சூடேற்றினால், ஏறத்தாழ 175 பாகை செல்சியசில் தெளிந்து நீர்போல் ஓடுகிறது. ஆறினால் ரப்பரைப்போல் துவளும் பொருளாகிறது. மீண்டும் உருக்கவும் இயலும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரை அவ்வாறு உருக்கி வார்க்க இயலாது.

ரப்பருக்கும் இதற்கும் வேறோர் உறவும் உண்டு. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரம் டயர்த் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்னும் வேதியியலார், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையைத் தேடுகையில், 1926ஆம் ஆண்டில் பி.வி.சி.யை இளக்கும் வழியைக் கண்டார். அதே நகரில் நிக் கிரீம் என்னும் இயந்திரத் தொழிலாளர் 1949இல் இத்தகைய பொருளால் தூண்டிற்புழு வார்த்தார். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் அந்நகரின் பெயரை அறிந்திருப்பது நன்று.

இனி வினாவுக்கு வருவோம். ஒரு பொருளுக்கும் அதனைச் சூழ்ந்த காற்றுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு மிகுந்தால், அது ஆறும் விரைவும் மிகும். 80 பாகைச் சூடுள்ள தேநீருக்கும் 30 பாகைக் காற்றுக்கும் வேறுபாடு 50. உருகிய பிளாஸ்டிக்குக்கோ அது 145. தேநீரை ஆற்றிக் குடிக்க நேரமிருக்கிறது. இதனை ஊற்றுவதற்கே நேரமில்லை. அத்துடன், மெல்லிய தகரத்தில் வெப்பம் தங்குவதில்லை. குளிர்ந்த உலோக அச்சோ, தொட்டவுடன் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெல்லப்பாகு குளிர்ந்த தட்டில் விழுந்ததும் கெட்டிப்படுவதை நம் தாய்மார் நன்கு அறிவர்.

அப்படியாயின் அடுப்பை இன்னும் எரியவிட்டால் என்ன? அங்கேதான் ஆபத்து. 200 பாகையைத் தாண்டினால் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பின் கருகி, ஐதரசன் குளோரைடு என்னும் வாயுவை வெளியிடும். கண்ணையும் நுரையீரலையும் அது அரிக்கும். ஓடும் நிலைக்கும் கருகும் நிலைக்கும் இடைவெளி 25 பாகையே. விறகு நெருப்பில் தகரத்தின் அடி கருகும்போது மேற்பகுதி இன்னும் களியாகவே இருக்கும். ஆகவே சூட்டைக் கூட்டுவது வழியன்று. உள்ள சூட்டைப் போகவிடாமல் காப்பதே வழி.

வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைக்கலாமே என்று சிலர் எண்ணுவர். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகைக்கு மேல் ஏறாது. ஆதலால் அது பயன்படாது. கடலை வறுப்பவர் செய்வதைக் கவனியுங்கள். சட்டியில் மணலைச் சூடாக்கிக் கடலையை அதில் இடுகிறார். மணல் வெப்பத்தைப் பரப்பிக் கொடுக்கிறது. அடுப்பை விட்டு இறக்கிய பின்னும் நெடுநேரம் சூடாக இருக்கிறது. தடித்த அடிகொண்ட சிறு பாத்திரத்தை அத்தகைய உலர்ந்த மணலில் பாதிவரை புதைத்து, வெப்பமானியால் அளந்தபடி மெதுவாகக் கிளறினால், அடி கருகாமல் சூடு நிற்கும். வாய் அகன்ற பாத்திரத்தைவிடக் குறுகி ஆழ்ந்தது மேல். மூடியும் வேண்டும், திறந்து வைத்தால் மேலே ஆடை படியும். ஊற்றும் கரண்டியையும் அச்சையும் முன்னரே சூடாக்கிக்கொள்ளவேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் குறை நீங்கும்.

ஆயினும் பலமுறை சூடேற்றினால் பொருள் பழுத்துப்போகும். ஒரு தடவைக்கு அரைக் குவளை போதும்.

அம்மாணவனின் கை வெந்த காரணம் வேறு. அவன் இட்ட பழைய புழுக்களில் ஈரம் இருந்தது. ஒரு துளி நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு பருமனாகிறது. கொதிக்கும் பிளாஸ்டிக்கின் அடியில் அது நிகழ்ந்தால், மேலிருப்பது தெறிக்காமல் என்ன செய்யும்? தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். புழு, அச்சு, மணல் யாவும் உலர்ந்திருக்கவேண்டும். நீண்ட கையுறை, கண்ணாடி, மூடிய காலணி வேண்டும். காற்றோட்டமுள்ள திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்று செய்யவேண்டும். அப்பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கலாகாது.

ஒரு மாதம் கழித்து, அம்மாணவனின் தந்தை மணற்சட்டியில் வார்த்த நான்கு புழுக்களை அவனிடம் கொடுத்தனுப்பினார். மூன்று முழுமையாக இருந்தன. நான்காவதில் வால் இல்லை. அச்சைச் சூடாக்க மறந்துவிட்டாராம்.