முன்பு ஞாபகம் எப்படி இருந்தது?

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. ஒரு கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது.

"கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று மருத்துவர் கேட்கிறார். பிறகு இன்னொன்றும் கேட்கிறார். "இதற்கு முன் இவருக்கு ஞாபகம் எப்படி இருந்தது? காசு எண்ணி வாங்குவாரா? தனியாகக் கடைக்குப் போய் வருவாரா?"

வீட்டாருக்குக் குழப்பம். கை கால் விழுந்து கிடப்பவரைப் பற்றி ஏன் இந்தக் கேள்வி? மறதி உண்டு என்று சொன்னால் வைத்தியம் பார்க்க மாட்டார்களோ என்று பயந்து, சிலர் மறைத்தும் விடுகிறார்கள். மறைக்கக் கூடாது. மறதி இருந்தவர்களுக்கும் சிகிச்சை பலன் தரக்கூடும். உண்மையைச் சொன்னால்தான் மருத்துவர் சரியாக முடிவு செய்ய முடியும்.

மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம் வரும். குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் வரும். அடைப்பினால் வருவதே அதிகம். பெரிய குழாய் அடைத்தால், ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்பு அணுக்கள் செத்துப் போகின்றன. அடைப்பைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடும் முன் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தக் கசிவு இருந்தால் அந்த மருந்தே ஆபத்து. அதனால் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வீட்டில் புறா ரத்தம் தேய்த்துக்கொண்டிருந்தால் நாலரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

மருந்து அடைப்பைத்தான் நீக்கும். செத்த அணுக்களை எழுப்பாது. அவை செய்த வேலையை மூளையின் மற்ற பகுதிகள்தான் ஏற்றுச் செய்ய வேண்டும்.

ஓர் ஊருக்கு நாலு பாதைகள் இருக்கின்றன. வெள்ளத்தில் பாலம் உடைந்தால் சுற்றுப் பாதையில் போகலாம். சுற்றுப் பாதையும் முன்பே அரித்துப் போயிருந்தால்? மூளையும் அப்படித்தான். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் மூளையின் சிறு குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும். அதனால் மறதி வரலாம். வீட்டார் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தால், நல்ல சிகிச்சை கிடைத்தும் தேறுவது கடினமாகலாம்.

ஐதராபாத்தில் பலர் இரண்டு மூன்று மொழிகள் பேசுவார்கள். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் உருது, வேலையிடத்தில் இந்தி என்று பேச்சு மாறும். அங்குள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்தார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. ஒரே மொழி பேசியவர்களில் 100-க்குச் சுமார் 20 பேருக்குத்தான் பக்கவாதத்துக்குப் பின் ஞாபகமும் சிந்தனையும் சரியாக இருந்தன. பல மொழி பேசியவர்களில் 100-க்குச் சுமார் 40 பேருக்குச் சரியாக இருந்தன. இரு மடங்கு! ஆனால் பேச்சு இழப்பது இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

அதே ஊரில் மறதி நோய் வந்த 648 பேரைப் பற்றிய ஆய்வு 2013-இல் வந்தது. பல மொழி பேசியவர்களுக்கு அந்த நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. மொழி விட்டு மொழி மாறிப் பேசும்போது மூளை ஓயாமல் வேலை செய்கிறது. அந்தப் பழக்கம் மூளைக்குக் கூடுதல் பலம் தருகிறது என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

முன்பே மறதி இருந்தவர் வீடு திரும்பியதும் கவனிப்பு மாற வேண்டும். கை கால் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தால், மறுநாள் அவருக்கு நினைவிருக்காது. தினமும் ஒருவர் பக்கத்திலிருந்து செய்ய வைக்க வேண்டும். மாத்திரைகளை அவர் கையில் விடக் கூடாது. போட்டதை மறந்து இரண்டாம் தடவையும் போட்டுக்கொள்வார். மருத்துவரை மறுபடி பார்க்கும்போது, அவர் நடப்பதைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. பெயர்கள் நினைவிருக்கின்றனவா, சில்லறை சரியாக எண்ணுகிறாரா என்பதையும் வீட்டார் சொல்ல வேண்டும்.